அந்தோனியார் தலையில் விழுந்த சாந்து

எனக்குக் கருவாடு பிடிக்கும் ஏட்டு ஏமானே, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பகை என்று ஊரில் சொல்லுவார்கள். கருவாட்டின் மேலும் இல்லை, கோயிலில் மணியடிக்கிற மரியான் மேலும் இல்லை.

எங்கள் கடற்கரைக் கோயிலுக்கு முப்பது வருஷமாக நான்தான் கொத்தன். காலடியில் கிடக்கிற கடல் மணலை அரித்துச் சுண்ணாம்பில் குழைத்துப் பூசுவேன். ஆற்று மணலுக்கு வண்டி வைக்கிற பவுசெல்லாம் எனக்கு இல்லை. ஆனாலும் மழை வந்தால் பீடத்துக்கு மேலே சுவர் ஊறி, சாந்து பெயர்ந்து அந்தோனியார் தலையில் விழும். அவருக்கு மூன்று தடவை மூக்கு ஒட்டினேன். மூன்றாவது என் மாமனார் மூக்காகப் போய்விட்டது. இனி ஒரு தடவை விழுந்தால் கோட்டாற்றுக் கொத்தன் முத்துநாயகத்தைக் கூப்பிடுவேன் என்று சாமியார் சொல்லிவிட்டார். அன்றைக்கே சுவரைப் பார்க்கப் போனேன்.

பேச்சிப்பாறை அணையில் வேலை செய்தபோது ஒரு வெள்ளைக்கார ஓவர்சியர் சொல்லித் தந்தார்: பூசிவிட்டுப் போகாதே, ஏன் என்று கேள், பதில் வந்தால் அதற்கும் ஏன் என்று கேள். கேட்டேன். சாந்து ஏன் விழுகிறது? சுவரில் ஈரம். ஈரம் ஏன்? ஓடு விலகியிருக்கிறது. விலக்குவது பூனை. பூனைக்குக் கோயில் கூரையில் என்ன ஜெபம்? கோயில்பிள்ளை மரியான் அங்கே சாளைக் கருவாடு காயப்போடுகிறான். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

மரியாதையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏசுவோட சீடரு இராயப்பரும் மீன் பிடிச்சவருதானவே, அவருக்கு இந்த மணம் புடிக்காதா?" என்று சிரித்தான்.

நல்ல பதில்தான், நானும் சிரித்தேன். மறுநாள் அவன் ஏணியில் மேலிருந்து இரண்டாவது படியைப் பாதி அறுத்து, அறுத்த இடத்தில் மெழுகு தடவினேன். கோயில் மெழுகுதான். கருவாட்டைப் புரட்டிப்போட ஏறியவன் கல்படியில் தலை மோதிச் செத்தான். கல்லறையைக் கூலி வாங்காமல் நான்தான் பூசிக் கொடுத்தேன்.

பூனை போயிற்று. ஓட்டை நேராக அடுக்கினேன், பிறகு அது அசையவில்லை. ஐப்பசி மழையில் சாந்து அதே இடத்தில் மறுபடியும் விழுந்தது.

முத்துநாயகம் வந்தான். விழுந்த சாந்தில் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தான்.

"உப்பு வே. கடல் மணலாக்கும். இதுதான் ஈரத்த இழுக்குது" என்றான், ஊர் முழுக்க நிற்கையில்.

அவன் நாக்கில்தான் ஏதோ கோளாறு. மரியான் கல்லறையிலும் சாந்து பெயர்கிறதாம். அங்கேயும் பூனை வரும்போல.

ஏணியை அறுத்தது நான்தான், கொலை என்றே எழுதுங்கள். என் சாந்தில் உப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஏமானே, நான் தொழில் தெரிந்தவன்.