கழட்டி விட்ட சிலிண்டர்

தட்டுப்பாட்டால் பெற்றோலைப் போத்தலில் தேடி வாங்கிய நாட்கள் அவை. நயினாதீவு வள்ளத்தில் எனக்கு முன்னால் இருந்த நரைத்த மீசைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"என்ரை மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு சிலிண்டர். நான் ஒண்டைத்தான் பாவிக்கிறனான்."

மற்றவரின் நகக்கண்களில் கிறீஸ் கறுத்திருந்தது. "எப்பிடி அண்ணை?"

"இங்கிலாந்து ட்ரையம்ப். ஒரு பக்கத்துப் பிளக் வயரைக் கழட்டி விட்டிட்டன். பெற்றோல் பாதி மிச்சம்."

"ஒரு காபரேற்றரோ, ரெண்டோ?"

"ஒண்டு. ரெண்டு வச்ச மொடல் பிறகுதானே வந்தது."

"அப்ப அந்த ஒண்டுதான் ரெண்டு சிலிண்டருக்கும் பெற்றோல் குடுக்குது. கழட்டின பக்கமும் குடிக்கும், அண்ணை. எரிக்காமல் சைலன்சராலை வெளியிலை விடும்."

"வேலை செய்யாமல் குடிக்குமோ?"

"ஓம். மற்றச் சிலிண்டர்தான் அதையும் சேர்த்து இழுக்க வேணும்."

மீசைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எங்கடை ஊர் இறுப்பிட்டி முழுக்க இந்த வித்தையைச் சொல்லிக் குடுத்துப் போட்டனே!"

வள்ளத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"என்ரை மனிசி ரீச்சர், தம்பி. அவ படிப்பிக்கப் போறா. நான் வீட்டிலை இருந்து மூண்டு நேரமும் சாப்பிடுறன். எங்கடை வீட்டிலையும் இதே மொடல்தான் ஓடுது."