நாற்பது நொடிக்குக் காரணம்

என் பெயர் கான்ராட் டாலெஃப்சன். அகேட் துறைமுக நகராட்சியின் தூக்குப் பாலத்தை இயக்கும் நிரலைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பேணி வருபவன். ‘நிரல்மொழிகளின் ஆற்றலும் எல்லையும்’ என்னும் தலைப்பில் இருபது நிமிடம் பேசுமாறு இச்சங்கம் என்னைப் பணித்திருக்கிறது. அதைப் பேசவும், ஒரு தவற்றை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ளவும் வந்திருக்கிறேன்.

ஏரிக்கரை நிரலாளர் சங்கத்தின் இவ்வாண்டுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, என் கைக்கடிகாரத்தைவிடக் கண்டிப்பாக நேரம் காக்கும் தலைவர் கோரின் வாஸ் அவர்களே! அட்டையில் துளையிட்டுக் கணினிக்கு ஆணையிட்ட நாளிலிருந்து இத்தொழிலைத் தோளில் சுமந்து, இன்று முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! முழங்கால் ஆழப் பனியில் வண்டியோட்டி வந்தும், மூடிய பாத்திரத்தின் சூடு ஆறாமல் காட்டரிசிச் சூப்பைக் கொண்டுவந்து சேர்த்த தாய்மாரே! கணினியை நம்பாமல் கண்ணை நம்பும் பாலக் காவலர்களே! அவர்களுள்ளும், மூன்றாம் வரிசையில் கைகட்டி அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் டெல்மர் பூஷார் அவர்களே! அனைவர்க்கும் என் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். டெல்மர் சிரிக்கவில்லை. அவருக்குக் காரணம் இருக்கிறது. காரணம் என்ற அந்தச் சொல்லைச் சற்றே பத்திரமாக வைத்திருங்கள், மீண்டும் கேட்பேன்.

ஆற்றலை முதலில் சொல்கிறேன். இன்று காலை நீங்கள் கண் விழிக்கும் முன் உங்கள் வீட்டுச் சூடேற்றி விழித்ததே, யார் எழுதிய ஆணையால்? பனி அள்ளும் வண்டி எந்தத் தெருமுனையில் திரும்புகிறது என்று உங்கள் கைபேசி காட்டியதே, யார் எழுதிய ஆணையால்? தொள்ளாயிரம் டன் இரும்பு, ஒரு தேநீர்க் கோப்பையைத் தூக்குவதுபோல் தளும்பாமல் எழுந்து கப்பலுக்கு வழிவிடுகிறதே, யார் எழுதிய ஆணையால்? நம்மவர் எழுதிய ஆணையால்! சொன்னதைச் செய்யும், சொன்னபடி செய்யும், சோர்வின்றிச் செய்யும். ஆயிரம் முறை சொன்னாலும் அலுக்காது; ஆண்டு பத்துக் கழிந்தாலும் மறக்காது. மனிதரில் இப்படி ஒரு பணியாளர் உண்டா?

“பெண்டாட்டி கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று யாரோ சொல்கிறீர்கள். கேட்டு வாருங்கள். நான் தொடர்கிறேன்.

எல்லை எங்கே? எனக்கு அதைக் காட்டியவள் மாரிட் ஹெய்க்கிலா. பத்தாண்டுகள் என் எதிர் மேசையில் அமர்ந்து இந்த நிரலை என்னோடு எழுதியவள். வெள்ளிக்கிழமைதோறும் ஏலக்காய் மணக்கும் ரொட்டியைச் சுட்டு எடுத்து வருவாள். நான் அதைச் சரிபாதியாக அளந்து வெட்டுவேன். அவள் எப்போதும் பெரிய பாதியை என் பக்கம் தள்ளுவாள். இரண்டு பாதியும் சமம் என்பேன். “உன் அளவுகோலுக்குச் சமம்” என்பாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. நிரலின் ஒவ்வொரு முடிச்சுக்கும் மேலே குறிப்பு எழுதுவாள். நிரல் எழுதாத அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு வரியின் தொடக்கத்தில் ஒரு குறியை இட்டால், கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போகும். மனிதர் மட்டுமே அதைப் படிப்பர். வசந்தந்தோறும் அந்த நிரலை முழுவதுமாகப் பச்சைக் கோடிட்ட அகலத் தாளில் அச்சிட்டுப் பாலத்தின் காவல் அறைக்கும் ஒரு படி கொடுத்து வருவாள். குறிப்புகளைக் காவலர்களும் படிக்கலாம் அல்லவா?

எனக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை. ஒருமுறை ஒரு குறிப்பு ‘கதவு மூடும்’ என்றது. கீழே இருந்த நிரலோ திறந்தது. யாரோ நிரலைத் திருத்திக் குறிப்பைத் திருத்த மறந்திருந்தார்கள். இரண்டு நாள் வீணாயிற்று. அன்றே விதி எழுதினேன். விதி பதினான்கு: நிரலில் குறிப்பு இடலாகாது, நிரல் தன்னைத் தானே விளக்கட்டும். விதி எழுதினால் போதுமா? நிறைவேற்ற வேண்டாமா? குறிப்புகளைத் தேடி அழிக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்தேன். ஒரே பிற்பகலில் பதினோராயிரத்து இருநூற்று ஆறு வரிகள் போயின. அந்த வாரமே, யார் எப்போது எந்த வரியை மாற்றினார் என்னும் பழைய பதிவுகளையும் விட்டுவிட்டு, புதிய இடத்தில் புத்தம் புதிதாகத் தொடங்குவோம் என்று ஆணையிட்டேன். பழைய கணினி காயலான் கடைக்குப் போயிற்று.

பின்னாலிருந்து “நகல் எடுத்து வைக்கலையா?” என்று கேட்கும் நண்பரே, எடுத்து வைத்தேன். முப்பது நாள் கடந்த நகல்கள் அழிக என்று விதி எழுதியவனும் நானே.

மறுநாள் காலை மாரிட் கணினியைத் திறந்தாள். திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். பிறகு நாங்கள் பேசியதை ஒரு சொல் குறையாமல் சொல்கிறேன், எனக்கு மறக்கவில்லை.

“எல்லாத்தையும் அழிச்சுட்டியா, கான்ராட்?”

“விதி வந்தாச்சு, மாரிட். நேத்தே அனுப்பியிருந்தேனே.”

“அழிக்கறதுக்கு முன்னாடி படிச்சியா?”

“கருவிதானே அழிச்சுது. படிக்க என்ன இருக்கு? நிரல் சரியா இருந்தா குறிப்பு எதுக்கு?”

“என்ன செய்யுதுன்னு நிரல் சொல்லும். ஏன் செய்யுதுன்னு யாரு சொல்லுவா?”

“ஏன்னு மெஷினுக்குத் தெரிய வேண்டாமே.”

“நான் மெஷினுக்கா எழுதுனேன், மடையா?”

கோபமாகச் சொல்லவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள். இரண்டு வார முன்னறிவிப்புக் கொடுத்தாள். பதினான்காம் நாள் மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள். மேற்குக் கரையில், ஆஸ்டோரியாவில், வேறொரு பாலத்துக்கு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஆண்டுகள் ஒன்பது ஆயின. அவள் நாற்காலியை நான் யாருக்கும் ஒதுக்கவில்லை. என் விதிகளுள் நான் மீறியது, மூன்று மாதத்துக்கு மேல் இருக்கை காலியாக இருக்கக்கூடாது என்னும் அந்த ஒன்றை மட்டுமே.

என் கைபேசி ஆண்டுதோறும் நவம்பர் ஆறாம் நாள் அவள் பிறந்தநாளை நினைவூட்டுகிறது. ஒரு நிமிடமும் பிந்தியதில்லை. அவள் எண்ணும் அதிலேயே இருக்கிறது. எண்ணைத் தொட்டால் போதும், மணி அடிக்கும். ஆனால் தொட்டபின் என்ன சொல்வது என்று அந்தக் கருவி சொல்லித்தருமா? ஒன்பது நவம்பர்கள், அன்பர்களே! ஒன்பது முறை நினைவூட்டியது. ஒன்பது முறையும் ‘சரி’ என்று அழுத்திவிட்டுச் சட்டைப்பையில் போட்டேன்.

இப்போது சென்ற அக்டோபருக்கு வருகிறேன். நிரலில் ஓர் எண்ணைக் கண்டேன். நாற்பது. ஞாயிறு காலை பதினொன்று முதல் பன்னிரண்டுவரை, சங்கு ஒலித்தபின், சாலையை அடைக்கும் கதவை இறக்குமுன், வழக்கமான எழுபது நொடியோடு இன்னும் நாற்பது நொடி காத்திரு என்றது நிரல். ஞாயிற்றுக்கு மட்டும் ஏன்? விளக்கம் இல்லை. விதி ஆறு: விளக்கம் இல்லாத எண் இருக்கலாகாது. நீக்கினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகளை ஓட்டினேன். முந்நூற்றுப் பன்னிரண்டும் பச்சை காட்டின. நிம்மதியாகப் படுத்தேன்.

ஞாயிறு பதினொன்று இருபதுக்கு டெல்மரிடமிருந்து அழைப்பு வந்தது.

“தம்பி, உன் புரோகிராமுக்குக் கண்ணு இருக்கா?”

“என்ன ஆச்சு, டெல்மர்?”

“பாலத்து நடுவுல ஒரு பெரியவர் ஊணி நடக்கிற நடைச்சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ரெண்டு பக்கமும் கதவு எறங்கிடுச்சு. நான் கையால நிறுத்தலேன்னா அவரையும் சேத்துத் தூக்கியிருக்கும் உன் பாலம்!”

“சோதனை எல்லாம் சரியா வந்துச்சே...”

“சோதனையில கெழவர் யாராவது நடந்தாரா?”

நான் ஓடினேன். வாய்க்கால் முகப்பில் கப்பல் பின்விசை கொடுத்து நுரை கக்கி நின்றது. பெரியவர் ஆஸ்கர் லுண்ட், வயது எண்பத்தெட்டு, டெல்மரின் தோளைப் பற்றியபடி வந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்: “நீதான் அந்தக் கணக்குப் புள்ளையா? பத்து வருசமா பாலம் எனக்காக நின்னுச்சு. இன்னிக்கு மட்டும் அதுக்கு என்ன அவசரம்? நான் என்ன எக்ஸ்பிரஸ் ரயிலா?”

யாருக்கும் காயமில்லை. ஆனால் டெல்மரின் கை ஐந்து நொடி பிந்தியிருந்தால்? அவர் காபி ஊற்றத் திரும்பியிருந்தால்? பச்சை காட்டிய முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் ஆஸ்கர் லுண்டுக்கு என்ன விடை சொல்லியிருக்கும்?

காவல் அறைக்குள் போனோம். டெல்மர் சொன்னார்: “ஞாயித்துக்கிழமைல பாலம் கொஞ்சம் மெதுவாத்தான் போவும். அது அதோட குணம்னு நெனச்சுட்டேன்.” சொல்லிக்கொண்டே ஆஸ்கருக்குக் கோப்பை எடுக்க மேசையின் இழுப்பறையைத் திறந்தார். அடியில் விரித்திருந்த தாளில் பச்சைக் கோடுகள் தெரிந்தன. காபிக் கறை, எண்ணெய்க் கறை. நடுவே மாரிட்டின் வரிகள்.

உங்கள் அனுமதியோடு அதைப் படிக்கிறேன்.

‘நாற்பது நொடி: மூன்று ஞாயிறு பாலத்தில் நின்று கடிகாரம் பார்த்தேன். தேவாலயம் விட்டபின் அக்கரை முதியோர் இல்லத்தார் நடந்தே திரும்புகிறார்கள். நடைச்சட்டத்தோடு பாலத்தைக் கடக்க நூற்றுப்பத்து நொடி ஆகிறது. விதி எழுபதுதான் தருகிறது. இப்படிக் காரணத்தோடு நான் சேர்த்த எண்கள் மொத்தம் பதினெட்டு. கான்ராட், உனக்கு எண்ணைக் கண்டால் கை பரபரக்கும் என்று தெரியும். அழிக்காதே. கேள். சொல்கிறேன்.’

கேள், சொல்கிறேன்! என் பெயரை எழுதி, என் குணத்தை எழுதி, எனக்கென்று எழுதி வைத்திருந்தாள். நான் படிக்கவில்லை. படிக்காமல் அழிக்கும் கருவியை என் கையாலேயே செய்தேன்.

மற்ற இழுப்பறைகளைக் கவிழ்த்தோம். காயலான் கடைவரை போனோம். வேறு தாள் கிடைக்கவில்லை. டெல்மர் அன்று சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: “அவ எழுதுனது எங்களுக்கும் புரியும், தம்பி. நீ எழுதுறது கடவுளுக்கே வெளங்காது.”

இப்போது சிரித்துவிட்டார். நன்றி, டெல்மர்.

நாற்பதை அன்றே திரும்ப வைத்தேன். மிச்சம் பதினேழு. கப்பல் பருவம் திறக்கப் பத்தொன்பது நாள் இருக்கிறது. அதற்குள் பழைய நிரலை நீக்கிப் புதியதை ஏற்றவேண்டும் என்பது நகராட்சியின் தீர்மானம். புதியதை எழுதுவது நிரல் எழுதும் இயந்திரம். பழைய நிரல் முழுவதையும் நான்கு நிமிடத்தில் படித்தது. படித்துவிட்டுப் பதினேழு எண்களைக் குறித்து எனக்கு அனுப்பியது: ‘காரணம் காணப்படவில்லை. நீக்கலாமா?’

அன்பர்களே, அந்த வரியைக் கண்டு நான் தலை குனிந்தேன். அந்த இயந்திரம் என்னைவிட மேல். அழிக்கும் முன் அது கேட்டது!

நீக்கலாம் என்று கையெழுத்திட என்னால் முடியுமா? எந்த எண்ணின் பின்னால் எந்த ஆஸ்கர் நடந்துகொண்டிருக்கிறார்? எந்த மூடுபனி, எந்தப் படகு, எந்தப் பள்ளிப் பேருந்து நிற்கிறது? நிரல் சொல்லாது. அது என்னவென்று சொல்லும், எப்போதென்று சொல்லும், எத்தனை நொடி என்று நுணுக்கமாகச் சொல்லும். ஏன் என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். அதுவே எல்லை! அந்த எல்லையில்தான், உலகின் ஒவ்வொரு நிரல்மொழியும் ஒரு சிறு இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது: கணினி தாண்டிப் போகும் இடம், மனிதர் மனிதருக்கு எழுதும் இடம். அந்த இடத்தில் ஒருத்தி பத்தாண்டுகள் என்னோடு பேசினாள். பேச்சை இரைச்சல் என்று எண்ணித் துடைத்தேன். ஒன்பது ஆண்டுகளாய் அந்த அமைதியில் உட்கார்ந்திருக்கிறேன். நிரல் மிகத் தூய்மையாக இருக்கிறது, அன்பர்களே. மிக மிகத் தூய்மையாக இருக்கிறது.

“கூப்பிடேன்யா!” என்கிறார் டெல்மர். இரண்டாம் வரிசைத் தாய்மாரும் சொல்கிறீர்கள். கேட்கிறது. தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்; எனக்கு இன்னும் ஒரு நிமிடம் உண்டு.

பதினான்காம் விதியை இன்று காலை நீக்கிவிட்டேன். நீக்கிய இடத்தில், ஏன் நீக்கினேன் என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், நேரம் தந்த தலைவருக்கும், கறைபட்ட தாளைக் காத்த டெல்மருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கரையோர மக்கள் அனைவருக்கும் பனி சீக்கிரம் உருகட்டும். கப்பல்கள் நலமாக வரட்டும். வணக்கம்.

இப்போது நம் மணி ஏழு ஐம்பத்தொன்று. ஆஸ்டோரியாவில் ஐந்து ஐம்பத்தொன்று. நான் இந்த மேடையிலிருந்து இறங்கி, மேலங்கிகள் தொங்கும் அந்த நடைக்குச் சென்று, அவள் எண்ணைத் தொடப்போகிறேன். பதினேழு காரணங்களையும் கேட்பேன். ஆனால் அது பிறகு. முதலில், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கையுறை மாட்டும் முன் அவள் கேட்ட கேள்விக்கு விடை சொல்லப்போகிறேன்:

“படிச்சேன், மாரிட்.”