வரியின் கடைசி வார்த்தை

யாருக்கு எந்த நாவலைக் கொடுக்கலாம் என்பதை, அவர் நூலக வாசலில் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். உதறிவிட்டு வருகிறவருக்குத் துப்பறியும் கதை. கழற்றிய செருப்பை யாராவது எடுத்துவிடுவார்களோ என்று திரும்பிப் பார்க்கிறவருக்குக் குடும்பக் கதை. முப்பத்திரண்டு வருடம் கிளை நூலகராக இருந்தவனுக்கு இது ஒரு பெரிய வித்தை இல்லை.

என் முழுப்பெயர் ஹாலாஸ்யம். வயது அறுபத்திரண்டு. கோச்சடையில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டுவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. டீச்சரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

ஸ்யாமளா டீச்சர் முதன்முதலாக நூலகத்துக்கு வந்தபோது செருப்பைக் கழற்றி, இரண்டையும் சுவரோடு சேர்த்து, நேர்கோட்டில் வைத்தார். அந்த மாதிரி ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கணக்கு டீச்சர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கணவர் இறந்து பல வருடம். ஒரே மகள் ராஜஸ்ரீ பெங்களூரில்.

"சார், அம்பத்தெட்டு வயசு வரைக்கும் நான் ஒரு நாவல்கூட வாசிச்சதில்ல. எங்க இருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்டார்.

ஒரு நூலகரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. பத்திரிகை வந்துவிட்டதா, கழிப்பறை எங்கே, போட்டித் தேர்வுப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்பார்கள். என்னிடம் இருந்த ஐயாயிரம் நாவல்களில் பாதியை நான் ஒருவன்தான் வாசித்திருந்தேன். அதைப் பற்றிப் பேச ஆளே இல்லாமல் இருந்தேன்.

கணக்கு டீச்சர் என்பதால் துப்பறியும் கதையில் தொடங்கினேன். எழுதியவர் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டே பதினெட்டு நாவல் எழுதினார். அவருடைய கொலைகாரர்கள் ஓர் ஊரில் நிலைத்து நிற்க மாட்டார்கள். நாவலைக் கொடுக்கும் முன் எழுதியவரைப் பற்றிச் சொல்லிவிடுவது என் வழக்கம். டீச்சர் நின்றுகொண்டே கேட்டார். மூன்றாம் நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, "நூத்திப் பத்தாம் பக்கத்துலயே கண்டுபிடிச்சிட்டேன் சார். அந்தத் தம்பிக்காரன் சொன்ன நேரம் ரயில் நேரத்தோட ஒத்து வரல," என்றார்.

அதன் பிறகு பாண்டியர் காலத்துச் சரித்திர நாவல்கள். எழுதியவர் சொந்த ஊரைத் தாண்டாதவர், பள்ளிக்கூட அட்லஸை வைத்துக்கொண்டே கடற்போர் நடத்தியவர். பிறகு பேய்க் கதைகள்; அந்த அம்மாள் பகலெல்லாம் தாலுகா ஆபீஸில் இறப்புச் சான்றிதழ் எழுதியவர். பிறகு விஞ்ஞானக் கதை. கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் தன் கைக்காசில் அச்சிட்ட ஒரே நாவல். அதை அதுவரை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் இது நிற்கவில்லை. என் சொந்தப் புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு மாலை நாலு மணிக்கு அவர் வீட்டுக்குப் போவேன். சமையலுக்கு இருந்த சோணையம்மாள் காபி கொடுப்பாள். ஒரு மணி நேரம் பேசுவோம். எனக்கு அந்த ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் டீச்சருக்குக் கண்ணில் புரை விழுந்தது. பரிசோதித்தபோது கண்ணில் அழுத்தமும் அதிகமாக இருந்தது. டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். "புரையை எடுத்திடலாம். பிரஷர்தான் மோசம். போன பார்வை திரும்பி வராது. இருக்கிறதைக் காப்பாத்தணும்னா காலையும் சாயங்காலமும் இந்தச் சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடக்கூடாது." அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை.

டீச்சர் முந்தின வருடம் குளியலறையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கினால் நடுங்கும். சொட்டு மருந்து கன்னத்தில் விழும். சோணையம்மாளைக் கேட்டதற்கு, "மாட்டுக்கு வேணா மருந்து ஊத்துவேன் சார். மனுசக் கண்ணுல கை வைக்கப் பயமா இருக்கு," என்றாள்.

"நான் வாரேன் டீச்சர். ரெண்டு வேளையும் வாரேன்," என்றேன்.

ராஜஸ்ரீ போனில் அழுதே விட்டாள். "அங்கிள், நீங்க இருக்கிறதாலதான் எனக்கு இங்க தூக்கம் வருது."

புரை அறுவைச் சிகிச்சை ஒவ்வொரு கண்ணாக நடந்தது. நாற்பது நாள் டீச்சர் எதையும் வாசிக்கக் கூடாது. நான் வாசித்துக் காட்டினேன். அந்த நாற்பது நாளைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அறுபது வருடத்தில் என் குரலை யாரும் அவ்வளவு நேரம் கேட்டதில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். ஆபத்தான இடம் வந்தால் புடவை நுனியை விரலில் சுற்றுவார். "நிறுத்தாதீங்க சார், இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்," என்பார். நான் வீட்டுக்கு வந்து மறுநாளுக்கானதை ஒரு தடவை உரக்க வாசித்துப் பழகுவேன்.

நாற்பத்தோராம் நாள் அவருக்குப் புதுக் கண்ணாடி வந்தது. எழுத்தெல்லாம் கழுவி வைத்த மாதிரி தெரிகிறது என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அந்த வருடப் புத்தகக் கண்காட்சிக்கு அவர் தனியாகப் போனார். மறுநாள் நான் போனபோது நான் உட்காரும் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். பெயர் வர்ஷினி. திருமங்கலத்துக்காரி. ஒரு நாவல் எழுதியிருக்கிறாளாம், திகில் கதை. டீச்சர் கண்காட்சியில் வாங்கி, ஒரே ராத்திரியில் முடித்து, பின்னட்டையில் இருந்த எண்ணுக்கு போன் செய்து அவளை வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டார்.

"சார், உங்களுக்குத் தெரியாத எழுத்தாளர் ஒருத்தரை நான் கண்டுபிடிச்சிட்டேன்," என்று சிரித்தார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வர்ஷினியும் அவள் தோழிகள் நாலைந்து பேரும் வரத் தொடங்கினார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். நான் கேள்விப்படாத பெயர்களாகச் சொன்னார்கள். போனில் வாசிப்பதாகச் சொன்னார்கள். கப்பலூர்க்காரரின் நாவலைப் பற்றி எடுத்துச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பழக்கமானது. பத்திரிகை வந்துவிட்டதா என்று கேட்கிறவர்களிடம் இருப்பது.

ஒரு மாலை டீச்சர் சொன்னார்: "எம்புட்டு நாளைக்குத்தான் பையைத் தூக்கிட்டு அலைவீங்க சார்? இனிமே நானே பாத்து எடுத்துக்கிறேன். நீங்க சொட்டு மருந்துக்கு மட்டும் வந்தாப் போதும்."

கருணையோடுதான் சொன்னார். அதில் தவறு எதுவும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் மருந்து தீர்ந்துவிட்டது. மாலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று, என்னிடம் இருந்த வேறொரு சொட்டு மருந்தை விட்டேன். கண் வறட்சிக்கு நான் உபயோகிப்பது. கண்ணீர் மாதிரிதான் இருக்கும், கெடுதல் ஒன்றும் இல்லை.

"இன்னைக்கு எரியலையே சார்," என்றார்.

"கண்ணு பழகிருச்சு டீச்சர்," என்றேன்.

மாலையில் மருந்துக் கடை வழியாகத்தான் நடந்து வந்தேன். நான் நிற்கவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அன்று எனக்கும் தெரியாது. ஒரு வாரம் கழிந்த பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு மாதா மாதம் சரியான மருந்தை ஒழுங்காக வாங்கினேன். வீட்டில் அதைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு, குப்பியில் என் மருந்தை நிரப்புவேன். சுத்தத்தில் குறை வைக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் அவர் இமையைத் தொடுவேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாளில்கூடப் போனேன்.

இந்த நோயில் பார்வை ஓரத்திலிருந்துதான் போகும். வலி இருக்காது. முதலில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். பிறகு காபி டம்ளரைத் தட்டிவிட்டார். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "சார், ஒவ்வொரு வரியிலயும் கடைசி வார்த்தை காணாமப் போகுது. தலையைத் திருப்பித் தேட வேண்டியிருக்கு," என்றார்.

"கண்ணு களைச்சிருக்கும். கொடுங்க, நான் வாசிக்கிறேன்," என்றேன்.

விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டார்.

பரிசோதனைக்குப் போக வேண்டிய நாட்களில், டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், தேதியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டதே இல்லை. வர்ஷினிக்கு போன் செய்து, டீச்சருக்கு உடம்பு சரியில்லை, பேச்சு சத்தம் ஆகாது, நானே சொல்லி அனுப்புகிறேன் என்றேன். டீச்சரிடம், சின்னப் பிள்ளைகள், வேலைக்குப் போய்விட்டார்கள் என்றேன். "வயசான ஆளுக கூட எம்புட்டு நாளைக்கு உக்காந்திருப்பாக," என்றார். அவருக்காக வருத்தப்பட்டேன். அன்று இரண்டு அத்தியாயம் கூடுதலாக வாசித்தேன்.

ஒன்றரை வருடம். எழுபத்தொரு நாவல். காலை பத்து மணிக்குப் போனால் விளக்கு வைக்கிற வரை வாசிப்பேன். கடைசியில் அவருக்கு என் முகம் தெரியவில்லை, நான் இருக்கும் பக்கம் மட்டும் தெரிந்தது.

பொங்கலுக்கு வந்த ராஜஸ்ரீ, தாய் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இடது கண் முழுதும் போய்விட்டது, வலது கண்ணில் ஊசிமுனை அளவு மிச்சம் என்றார்கள். அங்கேயே புதுக் குப்பியை உடைத்து ஒரு சொட்டு விட்டிருக்கிறார்கள். டீச்சருக்கு எரிந்திருக்கிறது.

மறுநாள் காலை வழக்கம்போல் போனேன். ராஜஸ்ரீ உள்ளறை வாசலில் நின்றாள். சோணையம்மாள் காபி கொண்டுவரவில்லை. டீச்சர் என் காலடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினார்.

"உக்காருங்க சார். எரிச்சல் எந்த மாசம் நின்னுச்சுன்னு ராத்திரி பூரா கணக்குப் போட்டேன். வர்ஷினி வர ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம். சரியா?"

"சரிதான் டீச்சர்," என்றேன். அவரிடம் நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

ராஜஸ்ரீ கத்தினாள். டீச்சர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். "ஏன் சார்?" என்றார்.

"உங்களுக்கு நான் தேவைப்படல," என்றேன்.

டீச்சர் சொன்னார்: "அலைய வேண்டாம்னுதான சார் சொன்னேன். வர வேண்டாம்னா சொன்னேன்? வாசிச்சுக் காட்டுறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு கண்ணும் நல்லா இருக்கும்போதே உக்காந்து கேட்டிருப்பேனே. எனக்கு மட்டும் சாயங்காலத்துல யாரு இருந்தாக?"

அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். தெருவில் நடக்கும்போது இரண்டு தடவை நின்றேன்.

ஆக, நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மருந்தைத் தெரிந்தேதான் கொட்டினேன். பார்வை போய்விடும் என்று தெரிந்தேதான் கொட்டினேன். யாரும் தூண்டவில்லை. படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்றிலிருந்து வர்ஷினி வந்து வாசித்துக் காட்டுவதாக இப்போது சொன்னீர்கள். நல்ல பெண்தான். ஆனால் வேகமாக வாசிப்பாள். எழுதியவர் யார், என்ன வேலை பார்த்தார், எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று முதலில் சொல்ல மாட்டாள். நாலு நாள் வருவாள். பிறகு அவளுக்கும் ஒரு வேலை, கல்யாணம் என்று வந்துவிடும். ராஜஸ்ரீ பெங்களூருக்குத் திரும்பத்தான் வேண்டும். இதையெல்லாம் ஜாமீன் மனுவில் குறிப்பிட முடியுமா என்று வக்கீலிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். டீச்சருக்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை, அம்மா. அப்படித்தான் நான் அவரைப் பார்த்துக்கொண்டேன்.