மாப்பிள்ளை கேட்ட பளபளப்பு

பளபளப்பான பொருள் என்றால் எல்லோருக்கும் பிடிக்கும், சார். என் தங்கை வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்.

பத்தொன்பது வருடமாக நான் வண்டி அச்சுகளுக்குக் குண்டு அடிப்பவன். கடுகளவு எஃகுக் குண்டுகளை இரும்பின்மேல் வேகமாகப் பொழியவிடுவது என் வேலை. அடி வாங்கிய மேல்தோல் விரியப் பார்க்கும், உள்ளே இருக்கும் இரும்பு விடாது. அந்த இழுபறியில் தோல் இறுகிவிடும், விரிசல் வாய் திறக்காது. வண்டி லட்சக்கணக்கான முறை குலுங்கினாலும் அச்சு தாங்குவது அதனால்தான். பார்வைக்கு மட்டும் சொரசொரவென்று இருக்கும்.

மேலாளர் நாற்காலி எனக்கு வரவேண்டியது. முதலாளிக்கு எங்கள் வீட்டு மாப்பிள்ளையின் வாய்ச்சவடால் பிடித்துப்போனது, நாற்காலி அவருக்குப் போனது. ஒருநாள் மாப்பிள்ளை தன் காருக்கென்று செய்த பின்சக்கர அச்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆட்கள் முன்னால் கேட்டார்.

"என்ன மச்சான், அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு? கண்ணாடியப் பார்த்துக்கிட்டே செஞ்சீங்களா?"

எனக்குச் சிறுவயதில் அம்மை போட்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"தேய்ச்சுப் பளபளன்னு குடுங்க."

"தேய்ச்சா அடிச்ச குண்டெல்லாம் வீண், மாப்பிள்ளை."

"சொன்னதச் செய்ங்க மச்சான்."

வண்டிக்கு அடியில் கிடக்கப்போகிற அச்சை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் செய்தேன். முதலில் ஒரு மாதிரித் துண்டைத் தேய்த்து, வளைத்துச் சுழற்றும் சோதனை இயந்திரத்தில் மாட்டினேன். ஐந்தில் ஒரு பங்கு ஆயுள்கூட நிற்கவில்லை. பிறகு அவருடையதை, இறுகிய தோல் முழுதும் போகும்வரை, மூன்று தலைமுடி கனத்துக்கு நிதானமாகத் தேய்த்தேன். அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஏழு மாதம் ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். இந்த வாரம் வண்டி எங்கெல்லாம் போனது என்று தங்கையிடம் விசாரிப்பேன். "அண்ணனுக்கு நம்ம மேல எவ்வளவு அக்கறை பாருங்க" என்று அவரிடம் சொல்வாள்.

போன செவ்வாய்க்கிழமை, இறக்கத்தில் அச்சு ஒடிந்து சக்கரம் கழன்றபோது மாப்பிள்ளை பட்டறையில்தான் இருந்தார். ஓட்டியது என் தங்கை. "அவருக்குக் கம்பெனி வண்டி குடுத்துட்டாங்கண்ணா, இனிமே இது எனக்குத்தான்" என்று அதற்கு முந்தைய ஞாயிறே சொல்லியிருந்தாள். ஏறாதே என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பாள். அச்சைக் கழற்றிப் பார்ப்பார்கள். பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

தெரிந்தேதான் தேய்த்தேன், சார். அது மாப்பிள்ளைக்காகச் செய்தது. தங்கைக்கு நான் ஒருநாளும் கெடுதல் நினைத்ததில்லை, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.