அப்பாவின் அலைகள் நன்றாக இருந்தன

“விழுங்குங்க.”

இந்த ஒரு வார்த்தையை மட்டும் நோயாளியிடம் சொல்லக் கூடாது என்பது நம் பிரிவின் விதி. சேர்ந்த அன்றே சொல்லிவிட்டீர்கள், மேடம். வாயில் தண்ணீரை விடு, பேசாமல் இரு, அவராக விழுங்கட்டும், நீ திரையைப் பார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. விழுங்குவதைச் சோதிக்கிற இடத்தில் விழுங்கு என்று சொல்லக் கூடாதாம்.

வேலை பழகியபோது புரிந்தது. சொல்லாமல் விட்டால் மனிதன் வீட்டில் விழுங்குவது போலவே விழுங்குகிறான். சொல்லிவிட்டால் தம் கட்டுகிறான். பரீட்சை எழுதுகிறவன் மாதிரி இருக்கிற பலத்தையெல்லாம் தாடைக்குக் கீழே திரட்டுகிறான். அங்கே தசையின் இறுக்கத்தைப் பதிய நாம் ஒட்டியிருக்கும் வில்லைகளுக்கு வித்தியாசம் தெரியாது. தசை இறுகினால் திரையில் அலை எழும், அவ்வளவுதான். விழுங்கியது வயிற்றுக்குப் போனதா நுரையீரலுக்குப் போனதா என்று அலை சொல்லாது.

அப்பாவின் சோதனையைப் பற்றிக் கேட்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

அப்பா சரக்குக் கிடங்கில் மேஸ்திரி. வீட்டிலும் மேஸ்திரிதான். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நாங்கள் தட்டைத் தொட வேண்டும். உப்பு கூடினால் தட்டு சுவரில் போய் விழும். அம்மா ஓடிப்போய்ச் சுவரைத் துடைப்பாள், பிறகு அடுப்படியில் நின்றபடியே மிச்சத்தைத் தின்பாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் இரண்டு பக்கத்து வம்சத்திலும் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வந்துட்டாங்க டாக்டரம்மா. நான் சோறு முழுங்குறதுக்கு மெஷின் வச்சு மார்க் போடப் போறாளாம். இதுக்குத்தான் இத்தனை வருஷம் படிச்சியா?”

அம்மா சிரித்தாள். அவர் சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு மூளையில் ரத்தம் கட்டியது. வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று, விழுங்குவது போயிற்று. மூக்கு வழியாகக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா ஊசிக்குழலில் கரைசலை ஊற்றி ஊற்றி அவரை உயிரோடு வைத்திருந்தாள். ராத்திரி பகல் கிடையாது. இடது கை மட்டும் அவருக்கு வேலை செய்தது. குழாயில் ஊற்ற வேண்டுமானால் அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில்தான் நிற்க வேண்டும். அம்மாவின் முழங்கையெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் கருநீலமாகியிருந்தது. எனக்குத் தெரியக் கூடாது என்று வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது கட்டில் காலில் தலை சாய்த்துத் தரையில் கிடந்தாள். மயக்கமில்லை, தூக்கம். கையில் ஊசிக்குழல். அவளை அந்த வீட்டிலிருந்து உயிரோடு வெளியே எடுக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

வழியைத் திறந்துவிட்டவள் அத்தை. தம்பியைப் பார்க்க வந்து கட்டிலருகே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

“எப்படி வாழ்ந்த ஆளு. என் தம்பி வாயைக் கட்டிப் போட்டுட்டீங்களேடி. ஒரு வாய் சோறு குடுக்க உங்களுக்கு மனசு வரலையா?”

“டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காங்க, அண்ணி.”

“எந்த டாக்டரு? உன் பொண்ணு தொண்டைக்குத்தானே மெஷின் வச்சிருக்கா? ஊருக்கெல்லாம் பாக்குறா, பெத்தவனுக்குப் பாக்க மாட்டாளா?”

அப்பா என்னைப் பார்த்தார். இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். அது கெஞ்சல் இல்லை. அவர் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

சொந்தக்காரரை நாமே சோதிக்கக் கூடாது என்று நம் பிரிவில் விதி இல்லை, மேடம். நீங்களும் சரி என்றுதான் சொன்னீர்கள்.

அன்றைக்கு வார்டு அக்கா அவர் தாடையை மழித்து ஸ்பிரிட் தடவிவிட்டாள். “அப்பாவுக்கு மாப்பிள்ளைக் களை வந்துருச்சு பாரு,” என்றாள். பஞ்சு தீர்ந்துவிட்டது என்று சொல்லி அவளை மருந்துக் கிடங்குக்கு அனுப்பினேன். பஞ்சு தீரவில்லை.

முதலில் விதிப்படிதான் செய்தேன். ஒரு கரண்டித் தண்ணீர், மௌனம். அலை தரையோடு தரையாகப் புல் மாதிரி வந்தது. அதுவும் தாமதமாக. விழுங்கிய பிறகு அவர் மூச்சில் ஈரச் சத்தம் கேட்டது, கொதிக்கத் தொடங்கும் பாத்திரம் மாதிரி. ஆனால் அவர் இருமவில்லை. அதுதான் மோசமான அடையாளம், உங்களுக்கே தெரியும். இருமுகிறவனுக்குத் தொண்டையில் உணர்ச்சி இருக்கிறது. இவருக்கு அதுவும் போய்விட்டது. எது உள்ளே போனாலும் அவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

பிறகு இன்னொரு கரண்டி கொடுத்துவிட்டு, குனிந்து அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

“விழுங்குப்பா.”

அவர் விழுங்கினார். அலை ஆள் உயரத்துக்கு எழுந்தது. இன்னொரு முறை சொன்னேன். கழுத்து நரம்பு புடைக்க விழுங்கினார். நான் பிறந்ததிலிருந்து அவர் சொல்லி நான் செய்திருக்கிறேன்; நான் சொல்லி அவர் செய்தது அன்றைக்குத்தான். தேவைக்கு அதிகமாகவே சில முறை சொன்னேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தாழ்ந்த அலைகளை அழித்தேன். உயர்ந்தவற்றுக்குப் பக்கத்தில், தானாக விழுங்கியது என்று குறித்தேன்.

இதைக் கோபத்தில் செய்ததாக நினைத்துவிடாதீர்கள். அம்மாவுக்காகச் செய்தேன்.

விழுங்கியது எங்கே போகிறது என்று காட்டும் நம் எக்ஸ்ரே மெஷின் அப்போது பழுது. அது சரியாகும்வரை காத்திருந்திருக்கலாம், அல்லது வேறு இடத்துக்கு அனுப்பியிருக்கலாம். நீங்கள் அலையைப் பார்த்தீர்கள். “இருமினாரா?” என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அது உண்மை. நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

குழாயை எடுத்த மறுநாள் அம்மா தலை வாரி, முகம் கழுவி, வாழைப்பழத்தை மசித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆமாம், உட்கார்ந்தாள். அவருக்குப் பக்கத்தில், கட்டிலிலேயே. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். அவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். அந்த இடது கை நீண்டது. கிள்ளப்போகிறது என்று நினைத்தேன். அவள் மணிக்கட்டைத் தடவிக்கொடுத்தது.

“பாருடி, அப்பாவுக்கு என்னைத் தெரியுதுடி,” என்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் ஒருவேளை அப்படி இருந்திருப்பாள்.

அவர் மூச்சில் அதே ஈரச் சத்தம் வந்துகொண்டிருந்தது. போதும் நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்தேன்.

பிறகு காய்ச்சல். நெஞ்சில் சளி. அவசரப் பிரிவில் சேர்த்து, அங்கேயே முடிந்தது. அங்கிருந்த இளம் டாக்டர் அம்மாவைப் பார்த்து, “யாரும்மா ஊட்டினது? படுக்க வச்சு ஊட்டினீங்களா? அவசரமா குடுத்தீங்களா?” என்று கேட்டார். அம்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. “சோறு இறங்கலைடி, நெஞ்சுலேயே நிக்குது,” என்கிறாள். கன்னம் ஒட்டிவிட்டது. அவளுக்கும் வில்லை ஒட்டிப் பார்த்தேன், மேடம், விதிப்படி, ஒரு வார்த்தை பேசாமல். அலைகள் அருமையாக வந்தன. அவள் தசையில் ஒரு குறையும் இல்லை. போகப் போகச் சரியாகிவிடுவாள்.

அலை தவறாகப் பதிவாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் முடித்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். தவறாகப் பதிவாகவில்லை. நான் எழுதித் தர மாட்டேன். நீங்களும் இதை வெளியே கொண்டுபோக மாட்டீர்கள். கடைசியில் இருப்பது உங்கள் கையெழுத்து. அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொன்னேன். யாரிடமாவது ஒரு முறை முழுசாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லச் சொல்கிறீர்கள். சொன்னால் அவள் அத்தை வீட்டுக்குப் போய்விடுவாள். என் முகத்தில் விழிக்க மாட்டாள். யாருக்காகச் செய்தேனோ அவளே இல்லாமல் போனால் செய்ததற்கு என்ன அர்த்தம்? தன் கையால் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொண்டிருக்கும்வரை என்னோடு இருப்பாள். புது வாடகை வீட்டில் அவளுக்கென்று தனி அறை பார்த்திருக்கிறேன், ஜன்னல் வைத்தது.

வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்பாள். அவளிடம் என்ன சொல்வது என்று காலையில் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன். கொஞ்சம் வேகமாக ஊட்டிவிட்டாய், அம்மா, யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று சொல்வேன். அழுவாள். அழட்டும்.

நான் மன்னித்துவிட்டேன் என்றும் சொல்வேன். வருகிறேன், மேடம்.