கப்பலுக்கு ஒரு கத்திரி

இல்லண்ணே, இதுவும் சரிப்படாது. நுனியப் பாருங்க, எவ்வளவு தடியா இருக்கு. தையல்காரங்க பிசிறு வெட்டுறதுக்கு இது போதும். எனக்குத் துணிக்கு இல்லண்ணே, கப்பலுக்கு.

ஆமா, கப்பலுக்குத்தான். சிரிக்காதீங்க. என் வீட்டுக்காரரு மரத்துல செய்யிற சின்னக் கப்பல். பொம்மைன்னு மட்டும் அவரு காதுபடச் சொல்லிடாதீங்க, மனுஷன் ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு.

நீளமா? என் கை நீளம் இருக்கும். மூணு பாய்மரம். அந்த மூணும் நிமிந்து நிக்கிறதுக்கு எத்தன நூலுங்கிறீங்க! சிலந்தி பார்த்தா வெக்கப்பட்டு எறங்கிப் போயிடும். ஒவ்வொரு முடிச்சுலயும் மிச்ச நூலு வால் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்ல, அத வெட்டணும். ரொம்ப ஒட்ட வெட்டினா முடிச்சு அவுந்துடும். தள்ளி வெட்டினா மீசை மொளச்ச மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும். அதுவும் கத்திரி பக்கத்து நூலு மேல படாம உள்ள போயி, வால மட்டும் வெட்டிட்டு, படாம வெளிய வரணும். பட்டுச்சு, அவ்வளவுதான். மூணு மாசத்து வேலை ஒரு நொடியில காலி.

உக்கார வேணாம்ணே, நிக்கிறேன். உக்காந்தா எனக்கு இருப்புக் கொள்ளாது. நீங்க அந்தக் கண்ணாடிப் பெட்டியத் திறங்க. மேல் தட்டுல மெல்லிசா இருக்கே, அது. அதுக்குப் பக்கத்துல இருக்கிறது. சரி, ரெண்டையும் எடுங்க.

நகவெட்டியா? அதெல்லாம் பார்த்தாச்சு. நல்லா ஒட்ட வெட்டும், இல்லைங்கல. ஆனா அதோட தலையே வெட்டுற எடத்த மறைச்சுடுது. அப்புறம் பிடி போட்ட பிளேடு வாங்கினேன். நூலு விறைப்பா இருந்தா பிளேடு வெட்டும், தொய்வா இருந்தா நூலத் தள்ளிக்கிட்டே போகும். கட்டைவிரல்ல ஆழமாக் கீறிக்கிட்டாரு. ஒயர் வெட்டுற கட்டர் வாங்கினேன். கம்பின்னா கடிச்சுத் துப்பும், நூல மென்னு வச்சுடுது. பேட்டரில சூடாகி நூலச் சுட்டு அறுக்குமே, பேனா மாதிரி, அதையும் விட்டு வைக்கல. அது நைலானுக்கு அருமை, நுனி உருகித் தானா உருண்டுக்கும். ஆனா வால் ஒண்ணு போச்சுன்னா, கூடவே பக்கத்து நூலு ரெண்டு போச்சு.

இது எது? ரொம்பக் கூர்மையா இருக்கே. கண்ணு ஆபரேஷன் பண்ற கத்திரியா... வேணாம்ணே. நல்லாத்தான் இருக்கு. வேணாம், உள்ள வச்சிடுங்க. இல்லல்ல, உங்க மேல என்ன கோவம்? எனக்குத்தான் இன்னிக்கு எதுலயும் மனசு நிக்க மாட்டேங்குது.

நான் எங்க செய்யிறது? அவரு செய்வாரு, நான் அதே ரூமுல துணி மடிச்சுக்கிட்டு இருப்பேன். சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தாருன்னா கை கால் கழுவிட்டு நேரா அந்த மேசைதான். பார்த்துப் பார்த்தே எனக்கு எல்லாம் அத்துப்படி.

போன வாரம் என்ன ஆச்சுன்னா, நடு மரத்தப் பின்பக்கமா இழுத்துக் கட்டுற பெரிய நூலு ஒண்ணு இருக்கு. வாலுன்னு நெனச்சு அதையே வெட்டிட்டாரு. மரம் அப்படியே முன்னால சாஞ்சிடுச்சு. சாஞ்ச மரத்த ரெண்டு விரலால தாங்கிப் பிடிச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருக்காரு. என்னங்க ஆச்சுன்னு கேட்டேன். கத்திரி சரியில்லடின்னாரு. சரி, வேற வாங்கியாறேன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?

லென்ஸ் வச்ச விளக்கா? இருக்குண்ணே. பூதக்கண்ணாடி மூக்குல முட்டுற அளவுக்குக் குனிஞ்சுதான் பார்க்கிறாரு.

ம்... ஆமா. நீங்க சொல்றது சரிதான். கத்திரி இல்லண்ணே. கண்ணுதான்.

எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. கறுப்பு நூலுக்குப் பதிலா காப்பிக்கொட்டைக் கலர் நூலக் கட்டிட்டு, எப்படி இருக்குன்னு கேப்பாரு. அழகா இருக்குங்கன்னு சொல்லுவேன். டீய ஊத்தினா பாதி கப்புக்கு வெளிய. மேசை ஆடுதும்பாரு. நான் காலுக்கடியில அட்டைய மடிச்சு வைப்பேன், ஆடவே ஆடாத மேசைக்கு. அவரு தெரியிற மாதிரி நடிக்கிறாரு, நான் தெரியாத மாதிரி நடிக்கிறேன். எங்க பொழப்பு இப்படி ஓடுது.

டாக்டர்கிட்டயா? கூப்பிடாம இருப்பனா? அவரு தலைவலிக்குன்னு சொல்லிப் பார்த்தேன், எனக்குன்னு சொல்லிக்கூடக் கூட்டிட்டுப் போகப் பார்த்தேன். வாசல்லயே நின்னுக்கிட்டாரு. அவங்க ஆபீசுல வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணு டெஸ்ட் வப்பாங்க. அதுக்கு முந்தின வாரம் பாத்ரூம்லேருந்து முணுமுணுன்னு சத்தம். பாட்டுப் பாடுறாருன்னு நெனச்சேன். கதவுகிட்ட போயிக் கேட்டா, எழுத்து. டெஸ்ட் பலகையில இருக்கிற எழுத்த வரிசை வரிசையா மனப்பாடம் பண்றாரு. பாஸும் ஆயிட்டாரு. அன்னிக்கு எனக்கு ஒரு புடவை வேற வாங்கியாந்தாரு.

பஸ் ஓட்டுறாருண்ணே. டவுன் பஸ்.

போன்தான். அடிக்கட்டும் விடுங்க. பையிலயே இருக்கட்டும்.

நேத்து அவருக்குத் தெரியாம அவரு பஸ்லயே ஏறி, பின் சீட்டுல ஒதுங்கி உக்காந்தேன். ஒரு தடவை நேரா பார்த்துட்டா என் மனசு ஆறும்னு நெனச்சேன். மார்க்கெட் திருப்பத்துல ஒரு பொண்ணு சைக்கிளத் தள்ளிக்கிட்டுக் குறுக்க வருது, கேரியர்ல குழந்தை. ரோடே வெறிச்சோடிக் கெடக்கு. அந்தப் பொண்ணு பாதி ரோடு தாண்டிடுச்சு, பஸ் வேகம் கொறையவே இல்ல. கண்டக்டர் போட்ட சத்தத்துலதான் பிரேக்கு. எல்லாரும் முன்னாடி போயி விழுந்தோம். சைக்கிள் சக்கரத்துக்கும் பஸ்சுக்கும் நடுவுல ஒரு கை வைக்க எடமில்ல.

அப்புறம் நடந்ததக் கேளுங்க. பஸ்ஸே சேர்ந்து அந்தப் பொண்ணத் திட்டுது. இவரும் ஜன்னல்ல தலைய நீட்டித் திட்டுறாரு, ரோட்டப் பார்த்து நடக்கத் தெரியாதான்னு. அது பாவம், குழந்தையப் பிடிச்சுக்கிட்டே மன்னிச்சிடுங்கண்ணேங்குது. தப்பு அது மேல ஒரு துளி இல்ல. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் அவரு அதப் பத்தி மூச்சு விடல. மேசையில உக்காந்து நூலக் கையில எடுத்தாரு. முடிச்சே போட வரல. நூலச் சுருட்டி வச்சுட்டுப் போயிப் படுத்துட்டாரு.

ம், திரும்பவும் அவருதான். எடுக்கிறேண்ணே, எடுக்காம எங்க போறது?

இதக் காட்டுங்க, இந்த வளைஞ்சது. நுனி மொட்டையா, சின்னக் குண்டு மாதிரி இருக்கே. இதுல குத்தாது இல்ல? விரலோட சேத்து நூலு மேல தடவிக்கிட்டே போனா முடிச்சு தட்டுப்படும்... அங்க நிறுத்தி ஒரு வெட்டு. கண்ண மூடிக்கிட்டுப் பார்க்கிறேன், இருங்க. உங்க நூலு ஒண்ணு கொடுங்க. ம். வருதுண்ணே. பாருங்க, வால் மட்டும்தான் போயிருக்கு.

இதையே கொடுங்க. பொட்டலம் கட்ட வேணாம், அப்படியே கொடுங்க.

இனிமே பகல் பூரா வீட்டுலதான் இருப்பாரு. டிப்போ மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு நேரா இங்கதான் வரேன். நான் இருக்கும்போதே அவரப் போன்ல கூப்பிட்டு வண்டிய ஓரங்கட்டச் சொல்லிட்டாரு, வேற டிரைவர் வந்து எடுத்துக்குவாருன்னு. யாரு சொன்னான்னு அவரு கேட்டது போன்ல எனக்கே கேட்டுச்சு. மேனேஜர் என் பேரச் சொல்லல. என்கிட்டயும் அதத்தான் கேக்கப் போறாரு. நாந்தான்னு சொல்லணும்ல.

வெறுங்கையோட போயி எப்படிண்ணே சொல்றது?