மூன்று பத்துக்கு வீசிய காற்று

அவைக்குத் தலைமையேற்று, இந்த ஒலிவாங்கியை என் கையில் கொடுத்துவிட்டு, எப்போது திருப்பித் தருவேனோ என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே. வண்டியோட்டியே தலைநரைத்த மூத்தோர்களே. தண்டவாளத்தைப் பராமரித்து, அதோடு தோளுரசி வாழும் என் கேங் தோழர்களே. வேலைக்குப் போனவர் வீடு திரும்பும்வரை வாசலையே பார்த்துப் பழகிப்போன தாய்மார்களே. முன்வரிசையில் ஈரக் கண்களோடு அமர்ந்திருக்கும், மறைந்த டிரைவர் அண்ணனின் துணைவியே, என் அண்ணியே. அவர் பக்கத்தில் இன்னமும் இருமிக்கொண்டிருக்கும் என் தம்பியே. உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இது இரங்கல் கூட்டம். கண்டனக் கூட்டமும்கூட. பதினோரு நாளுக்கு முன் சுரங்கப்பாதைக்குள் மூச்சுமுட்டி மாண்ட டிரைவர் அண்ணனுக்கு இரங்கல். அவர் உள்ளே இருக்கும்போது கதவை மூடிய விசிறிக்கூடத்துப் பெண்மணிக்கு, காத்தம்மா என்று நாம் கூப்பிடும் அந்த அம்மாவுக்கு, கண்டனம். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. அவர் வேலை பறிபோக வேண்டும் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்ட மனு, இதோ, இந்த மேசைமேல் இருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது.

"வெளுத்து வாங்குண்ணே" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுக்கிறார். வாங்கத்தான் போகிறேன். யாரை என்பதை மட்டும் பொறுத்திருந்து பாருங்கள்.

நமது சுரங்கம் ஒன்பது கிலோமீட்டர். கீழ்வாயில் நுழையும் வண்டி, மேல்வாய் வரை மூச்சிரைக்க மேடேறும். மேடேறும் டீசல் இன்ஜின் எதைக் கக்கும்? புகையைக் கக்கும். அந்தப் புகை போக உள்ளே சன்னல் உண்டா? சந்து உண்டா? இல்லை. அதனால்தான் மேல்வாயில் ஓர் இரும்புக் கதவு. கதவுக்குச் சற்று உள்ளே, பக்கச் சுவரில், இரண்டாள் உயரத்துக்கு விசிறிகள். வண்டி ஏறிவரும்போது கதவை மூடி விசிறியை முடுக்குவார்கள். வெளியே போக வழியில்லாத காற்று என்ன செய்யும்? சுரங்கம் முழுக்கக் கீழ்நோக்கி ஓடும். வண்டியின் முகத்துக்கு நல்ல காற்று, முதுகுக்குப் பின்னே கெட்ட புகை. வண்டி வாயை நெருங்கிய பிறகே கதவு திறக்கும். வண்டி போனதும் மறுபடி மூடி, அரைமணி நேரம் விசிறி ஓடி, மிச்சப் புகையைக் கீழ்வாய் வழியாக விரட்டிய பிறகே அடுத்த வண்டிக்குச் சிக்னல்.

அந்த அரைமணி நேரத்தில் காத்தம்மாவைத் திட்டாதவர் இந்தக் கூட்டத்தில் உண்டா? நானே கேட்டிருக்கிறேன், "என்னம்மா, உள்ள பெருக்கித் துடைச்சிட்டு இருக்கீங்களா?" என்று. அந்த அம்மா சிரிக்கவே மாட்டார். "ஆமாண்ணே, காத்தை வெச்சுப் பெருக்கறேன். கொஞ்சம் இருங்க" என்பார். சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தவன்தான்.

அந்த நாளுக்கு வருகிறேன். பிற்பகல் இரண்டே முக்கால். ஏறிவந்த சரக்கு வண்டி, மேல்வாய்க்கு மூன்று கிலோமீட்டர் முன்பாக இன்ஜின் பழுதாகி நின்றது. வண்டியில் இருவர்தான். டிரைவர் அண்ணன், உதவி டிரைவராக என் உடன்பிறந்த தம்பி. "இறங்கி மேல்வாய்க்கு நடந்து வர்றோம்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு நடந்தார்கள். செய்தி பரவியதும் நாற்பது பேர் ஓடினோம். கதவு மூடிக் கிடந்தது.

"கதவைத் திறங்கம்மா. உள்ள என் தம்பி இருக்கான்" என்றேன்.

"தெரியும்ணே. அதனாலதான் மூடி வெச்சிருக்கேன்" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அடுப்படியில் புகை மண்டினால் கதவைத் திறப்போமா, மூடுவோமா? பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதிதானே? ஸ்டேஷன் மாஸ்டரும் தொலைபேசியில் திற என்கிறார். அந்த அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார்.

"திறந்தா என் காத்து உங்க மூஞ்சிலதாண்ணே அடிக்கும், அவங்களுக்குப் போகாது. அவங்களுக்கு இப்ப ஆள் வேணாம், காத்துதான் வேணும். சொன்னா கேளுங்க."

கேட்டேனா? கேட்கவில்லை. தண்டவாளத்து ஜல்லியை எடுத்தேன், எறிந்தேன். விசிறிக்கூடத்துச் சன்னல் கண்ணாடி உடைந்தது, அந்த அம்மாவின் நெற்றியும் உடைந்தது. அவர் சாய்ந்த நேரத்தில் உள்ளே புகுந்து, இந்தக் கையால், கதவின் விசையை இழுத்தேன். கதவு உயர்ந்தது. மணி மூன்று பத்து. நீங்கள் கை தட்டினீர்கள்.

கதவு உயர்ந்ததும் நம் முகத்தில் ஒரு காற்று அடித்ததே, நினைவிருக்கிறதா? முன்னால் நின்றவர்களின் தொப்பிகள் பறந்தன. "அப்பாடா, காத்து வந்துடுச்சு" என்று ஒருவர் சொன்னார். நானும் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன். நான்கு நிமிடம் கதவு திறந்து கிடந்தது. அதற்குள் அந்த அம்மா நெற்றியைப் பொத்தியபடி எழுந்து வந்து, என்னைத் தள்ளிவிட்டுக் கதவை இறக்கினார். "மறுபடி மூடிட்டாளே பாவி" என்று சபித்தோம். மனுவிலும் அதையே எழுதினோம்.

நான்கு மணிக்கு, இரும்புக் கதவுக்குப் பக்கத்துச் சிறுவாசல் வழியாக என் தம்பி வந்தான். முதுகில் டிரைவர் அண்ணன். உயிர் வழியிலேயே போயிருந்தது.

மறுநாள் மருத்துவமனைக் கட்டிலில் தம்பி சொன்னான். "நல்லாதாண்ணா நடந்து வந்தோம். மூஞ்சில காத்து அடிக்கிற வரைக்கும் பயப்படாதடான்னு அவரு தைரியம் சொல்லிட்டே வந்தாரு. திடீர்னு காத்து நின்னுபோச்சு. பின்னாலேருந்து புகை ஏறி வந்து மூடிடுச்சு. அவரு டார்ச் அடிச்சு வாட்சைப் பார்த்தாரு."

"மணி என்னடா?" என்று கேட்டேன்.

"மூணு பன்னெண்டு. ஏண்ணா, அந்தம்மா எதுக்கு விசிறிய நிறுத்தினாங்க?"

அவனுக்குப் போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவையோரே, விசிறி நிற்கவே இல்லை. அப்படியானால் நம் தொப்பிகளைப் பறக்கவிட்ட அந்தக் காற்று யாருடைய காற்று? நாம் வாங்கிய அந்த மூச்சு யாருடைய மூச்சு? சூடான புகை மேட்டைத்தான் நாடும். அதை எதிர்த்து நின்றது அந்தக் காற்று ஒன்றுதான். அதை நான் திறந்துவிட்டேன். உள்ளே இருந்த இருவருக்கு உரியதை, வெளியே நாற்பது பேர் பங்கு போட்டுச் சுவாசித்தோம். சுவாசித்துவிட்டுக் கையும் தட்டினோம்.

மணி அடிக்கிறீர்கள் தலைவரே. பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள். "உட்காருய்யா" என்கிறீர்கள் தோழரே. உட்கார மாட்டேன். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க எனக்குத் தைரியம் வராது.

அண்ணி, கதவை மூடியவரால் உங்கள் கணவர் சாகவில்லை. திறந்தவனால் செத்தார். உங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவன் நான். உங்கள் கையால் தேநீர் வாங்கிக் குடித்தவன் நான். வெட்கமாக இருக்கிறது அண்ணி. எழுந்து நிற்கிறீர்கள். நீங்கள் என்ன சொன்னாலும் எனக்குத் தகும். தம்பி, நீ எதற்குத் தலைகுனிகிறாய்? நிமிர்ந்து உட்கார். அவரைச் சுமந்து வந்தவன் நீ.

நாளை பத்து மணிக்கு விசாரணை அறையில் நான் நிற்பேன். மூன்று பத்துக்கு விசையை இழுத்தது யார் என்று சொல்வேன். இதோ, மனுவில் என் கையெழுத்தை அடிக்கிறேன். மீதி முந்நூற்றுப் பதினோரு பேருக்காகப் பேனாவை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் காற்று உங்கள் முகத்திலும் பட்டது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பேச வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. தொடக்கத்தில் எல்லோரையும் விளித்தேன், ஒருவரை விட்டுவிட்டேன். அழைக்காமலே வந்து, உட்கார யாரும் இடம் தராததால், நெற்றிக் கட்டோடு வாசலருகே நிற்கிறாரே, அவரை. காத்தம்மா அவர்களே, திறந்த கதவை நீங்கள் மறுபடி மூடியதால்தான் என் தம்பி இங்கே உட்கார்ந்து இருமுகிறான். இருமுவதற்காவது இருக்கிறான்.

உங்களுக்கு என் வணக்கம், அம்மா.